காற்றோடு திரும்பிய கிரேன்

அந்த ஆண்டு தை மாதக் கடைசியில் நின்றுபோன மழை, பங்குனி பாதிவரை சிங்கப்பூர்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தரையில் நடமாடுகிறவர்களுக்கு அது புழுக்கமாக இருந்தது, அவ்வளவுதான். ரகுபதிக்கு அது நிறமாகத் தெரிந்தது. கிளமெண்டியில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடங்கள் மூன்றுக்கு நடுவே நின்ற டவர் கிரேனை ஓட்டுகிறவர் அவர். அறுபத்திரண்டு மீட்டர் உயரத்தில், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து பார்த்தபோது குடியிருப்புப் புளோக்குகளுக்கு இடையில் இருந்த புல்வெளிகள் முதலில் வெளிறின. பிறகு பழைய சாக்கின் நிறத்துக்கு வந்தன. சாலையோரத்து நாட்டு வாதுமை மரங்கள் இலைகளைச் சிவக்க வைத்துக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு நின்றன. தெற்கே கடலில் நங்கூரமிட்ட கப்பல்கள் காலையில் தண்ணீரில் நிற்கும். மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவில் ஒரு முழம் தூக்கலாக மிதக்கும். வெயில் செய்கிற வேலை அது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், அவை மெல்ல மேலே ஏறிக்கொண்டே போய் ஒருநாள் தன் கண்ணாடிக்கு முன்னால் வந்து நிற்கும் என்று நினைத்துக்கொள்வது அவருக்குப் பிடித்திருந்தது.

ரகுபதிக்கு நாற்பத்து மூன்று வயது. அரியலூர்க்காரர். இருபத்திரண்டு வயதில் கம்பி கட்டும் வேலைக்கு வந்தவர், எட்டு வருடம் கழித்து கிரேன் பயிற்சிக்குப் போய்த் தேறினார். முதல் நாள் ஏணியில் பாதி வழியில் முழங்கால் நடுங்கி நின்றுவிட்டதை யாரிடமும் அவர் மறைத்ததில்லை. எப்படியோ மேலே போய்க் கதவைச் சாத்தினாராம். சாத்தியதும் நடுக்கம் போய்விட்டதாம். "சத்தமெல்லாம் கீழேயே நின்னுடுச்சு" என்பார். அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் அந்த அமைதிக்குள்தான் இருந்தார். பேச்சு குறைந்துபோனது. கிராஞ்சியில் இருந்த விடுதி அறையில் பதினோரு பேர் பேசிச் சிரிக்கும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பி மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் மனைவி மோகனப்பிரியா அரியலூரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் தொலைபேசியில் அழைத்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்கமாட்டாள். "இன்னிக்கு என்ன பாத்தீங்க?" என்பாள். ஒரு கழுகு கிரேனின் நுனியில் வந்து உட்கார்ந்ததையோ, தூரத்தில் எங்கோ காடு எரிந்து மேற்கு வானம் முழுக்கச் செம்மண் நிறமாகிவிட்டதையோ அவர் சொல்வார். வீட்டுச் செய்தியெல்லாம் அதற்கப்புறம்தான்.

பகல் முழுக்க அவரோடு இருந்தது ஒரே ஒரு குரல். முத்தையாவின் குரல். முத்தையா கீழே நின்று வாக்கிடாக்கியில் வழி சொல்லும் சிக்னல்மேன். திருப்பத்தூர்க்காரர், ஐம்பத்தொரு வயது. கிரேன் ஓட்டுகிறவருக்குக் கொக்கி எங்கே இறங்குகிறது என்பது பல நேரம் தெரியாது. கட்டடம் மறைத்துவிடும். சிக்னல்மேன் சொல்வதை நம்பித்தான் மூன்று டன் சுவரைக் காற்றில் நகர்த்த வேண்டும். "அப்… அப்… ஸ்லோ… கொஞ்சம் லெஃப்ட் வா… ஸ்டாப்." நான்கு வருடமாக அந்தக் குரல் காதுக்குள்ளேயே இருந்தது. முத்தையாவுக்கு இருமல் வரப்போகிறது என்பதுகூட ரகுபதிக்கு முன்கூட்டியே தெரியும். ஆனால் ஒரே விடுதியில் வேறு வேறு மாடியில் இருந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்று பேசியது வாரத்துக்குப் பத்து நிமிடம் இருந்தால் அதிகம். மேலிருந்து பார்த்தால் முத்தையா ஒரு மஞ்சள் புள்ளி.

மாசி போகப்போக வெயில் ஏறியது. வேலையிடத்தின் பாதுகாப்பு அதிகாரி ஷபானா, மணிக்கு ஒருமுறை வெப்பமானியைத் தூக்கிக்கொண்டு திறந்தவெளிக்கு வருவாள். முப்பத்து நான்கு வயது, உட்லண்ட்ஸில் பிறந்து வளர்ந்தவள். அது நோன்பு மாதம். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் அவள் மற்றவர்களைத் தண்ணீர் குடிக்கச் சொல்லி விரட்டிக்கொண்டிருந்ததை ஆட்கள் வியப்பாகப் பேசிக்கொள்வார்கள். அளவு கூடிவிட்டால் எல்லோரும் மணிக்குப் பதினைந்து நிமிடம் நிழலுக்குப் போயாக வேண்டும். "அண்ணா, நிழலுக்குப் போங்க லா, ப்ளீஸ். நான் எல்லாரையும் பார்த்துட்டுத்தான் ஆஃபீஸ்க்குப் போவேன்" என்று, சிங்கப்பூர்ப் பேச்சின் 'லா'வோடு, அவள் குரல் வாக்கிடாக்கியில் வரும்.

மார்ச் பத்தாம் தேதி மதியம் இரண்டே முக்காலுக்கும் அந்த அறிவிப்பு வந்தது. கொக்கியில், வார்த்து வந்த ஒரு கான்கிரீட் சுவர்ப்பலகை மாட்டியிருந்தது. ஒன்பதாம் மாடிக்குப் போக வேண்டியது. அதைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி மாட்டினால் அரைமணி நேரம் போய்விடும்.

"அண்ணே, இது ஒண்ணுதான். முடிச்சிட்டுப் போயிடலாமா?" என்றார் ரகுபதி.

மஞ்சள் புள்ளி நிழல் பக்கம் இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பி வந்தது. "சரி. ஏத்து" என்றார் முத்தையா.

பலகை தரையை விட்டு எழுந்தது. ஐந்தாம் மாடியைத் தாண்டியது. "அப்… அப்…" என்று குரல் சீராக வந்துகொண்டிருந்தது. ஏழாம் மாடிக்கு வந்தபோது அது நின்றது. ரகுபதியும் கையை நிறுத்தினார். பிறகு, தூக்கத்தில் பேசுகிறவரைப் போல, முத்தையா நிதானமாகச் சொன்னார்:

"ரகு, மழ வந்துருச்சு பாரு."

வானத்தில் துண்டு மேகம்கூட இல்லை. கண்ணாடி சுட்டது. ரகுபதி குனிந்து பார்த்தார். மஞ்சள் புள்ளி நின்ற இடத்திலேயே மெல்ல மடங்கி, நீளமாகி, அசையாமல் கிடந்தது.

அந்தரத்தில் சுமை தொங்கும்போது கிரேன்காரர் இடத்தை விட்டு எழக்கூடாது. ஒன்பதாம் மாடியில் பலகையை வாங்கக் காத்திருப்பார்கள் என்று அவர் நினைத்தவர்களும் நிழலுக்குப் போயிருந்தார்கள். வழி சொல்ல ஆளில்லாமல் இறக்கவும் முடியாது. ரகுபதி நெம்புகோல்களைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். கீழே ஆட்கள் ஓடி வருவதும், தண்ணீர் ஊற்றுவதும், ஷபானா முழங்காலிட்டு உட்கார்ந்து ஐஸ் பொட்டலத்தை முத்தையாவின் கழுத்தில் வைப்பதும் எறும்புகள் ஏதோ செய்வதுபோல் தெரிந்தன. ஆம்புலன்ஸ் ஒரு விளையாட்டு வண்டி அளவுக்கு வந்து நின்றது.

"ரகு அண்ணா, லோட அப்படியே பிடிச்சிருங்க. வேற ஆள் வருது" என்று ஷபானாவின் குரல் மூச்சிரைக்க வந்தது.

"அண்ணன் எப்படி இருக்காரு?"

"லோட பிடிங்க, அண்ணா."

இருபத்தாறு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தார். காற்றே இல்லை. மூன்று டன் கான்கிரீட் இம்மிகூட ஆடாமல் வெட்டவெளியில் நின்றது. வேறொரு சிக்னல்மேன் வந்து பலகையை இறக்கிய பிறகு, ஏணி வழியாக இறங்கித் தரைக்கு வந்தார். ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது. தண்ணீர் ஊற்றிய இடம்கூட அதற்குள் காய்ந்துவிட்டிருந்தது. "ஆளு விழுந்து கெடக்கான், மேல இருக்கறவன் எறங்கக்கூட இல்ல" என்று புதிதாக வந்த ஒருவன் சொன்னது அவர் காதில் விழுந்தது. கிரேனைப் பற்றித் தெரிந்த ஒருவர் உடனே அவனை அடக்கினார். அந்தப் பேச்சு ரகுபதியை ஒன்றும் செய்யவில்லை. அவர் காதுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. இது ஒண்ணுதான். இது ஒண்ணுதான்.

மறுநாள் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஷபானா படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இடைவேளை அறிவிப்பு கேட்டதா என்று கேட்டாள்.

"கேட்டுச்சு. அவரு போகத்தான் பாத்தாரு. இத முடிச்சிட்டுப் போலாம்னு நான்தான் சொன்னேன். அப்படியே எழுதிக்குங்க."

ஷபானா பேனாவைத் திறந்தாள். "கொக்கியில லோட் இருந்துச்சான்னு பாக்காம நான் அனௌன்ஸ் பண்ணது தப்பு. அதையும் எழுதணும்" என்றாள். இரண்டையும் எழுதினாள். ரகுபதிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்பே கொக்கி காலியாக இருக்க வேண்டும் என்று புதிய விதி வந்தது.

முத்தையா பிழைத்துக்கொண்டார். உடல் சூடு தலைக்கேறிச் சிறுநீரகம்வரை தொட்டுவிட்டதாக டாக்டர்கள் சொன்னார்கள். மூன்றாம் நாள் மாலை ரகுபதி மருத்துவமனைக்குப் போனார். முத்தையா தூங்கிக்கொண்டிருந்தார். கையில் ஊசி ஏறியிருந்தது. உதடு வெடித்திருந்தது. அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு நேரம் அந்த முகத்தை ரகுபதி பார்த்ததே இல்லை. இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு இருப்பதே அன்றுதான் தெரிந்தது. என்ன சொல்வது என்று யோசித்து யோசித்துக் கால்மாட்டில் நின்றார். முத்தையா புரண்டு படுத்ததும், வாங்கிவந்த ஆரஞ்சுப் பையைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

பத்து நாள் கழித்து முத்தையா வேலைக்குத் திரும்பினார். வெயிலில் நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், நுழைவாயிலுக்குப் பக்கத்தில் இருந்த கொட்டகையில் அவரை உட்கார வைத்தார்கள். மின்னல் எச்சரிக்கைக் கருவியின் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதும், எச்சரிக்கை வந்தால் சைரனை அழுத்துவதும்தான் வேலை. மழையே இல்லாத ஊரில் அது சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை. ரகுபதியின் காதில் இப்போது வேறொரு குரல் வழி சொல்லிக்கொண்டிருந்தது. காலையில் லாரியிலிருந்து இறங்கும்போது இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். முத்தையா தலையசைப்பார். ரகுபதியும் தலையசைத்துவிட்டு ஏணிப் பக்கம் போய்விடுவார். மேலே போய்க் கதவைச் சாத்தினால் முன்பு வந்த அமைதி இப்போது வரவில்லை. வெயிலில் நடுங்குகிற நகரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கட்டடங்கள் அடி கரைந்து மேலே மட்டும் மிதந்தன. சில மதியங்களில், எல்லோரும் போய்விட்ட ஒரு ஊருக்குத் தன்னை மட்டும் காவலுக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றும். மோகனப்பிரியா வழக்கம்போலக் கேட்டால், "ஒண்ணும் பாக்கல" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

மழை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மதியம் மூன்று மணி இருக்கும். மேற்கே ஜூரோங்கைத் தாண்டி, கடலோடு கடலாக ஒரு கருங்கோடு கிடந்ததை முதலில் பார்த்தவர் ரகுபதிதான். வெயிலின் விளையாட்டு என்று நினைத்தார். மறுபடி பார்த்தபோது கோடு தடித்திருந்தது. கப்பல்களைக் காணவில்லை. மைனாக்கள் கூட்டமாகக் கிழக்கே பறந்தன. ஒன்றரை மாதமாக அசையாமல் கிடந்த காற்று, கண்ணாடியின் இடுக்கில் மெல்ல விசிலடித்தது.

அப்போது வாக்கிடாக்கியில் அந்தப் பழைய குரல் வந்தது. பதினேழு நாளாகக் கேட்காத குரல்.

"கிரேன் நம்பர் ஒண்ணு. கேக்குதா?"

ரகுபதி வாக்கிடாக்கியை எடுத்து அழுத்தினார். "கேக்குது."

"மின்னல் எச்சரிக்க வந்துருச்சு. சைரன் அடிக்கப்போறேன். லோட எறக்கிட்டு நீயும் எறங்கு."

கான்கிரீட் வாளி பதினோராம் மாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பத்திரமாகத் தரைக்குக் கொண்டுவர ஐந்து நிமிடம் ஆனது. கொக்கியைக் கழற்றிவிட்டுப் புதிய சிக்னல்மேன் ஓடினான். கருங்கோடு அதற்குள் கோடாக இல்லை. ஒரு மலையாகி, மேற்கில் இருந்த புளோக்குகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தது. ரகுபதி எழுந்து கதவில் கை வைத்தார்.

"அண்ணா, வேணாம், இறங்காதீங்க" என்று ஷபானா வாக்கிடாக்கியில் குறுக்கே வந்தாள். "ஏணியில இருக்கறப்ப மின்னல் வந்தா டேஞ்சர். கேபின்தான் சேஃப். உள்ளயே இருங்க, எந்த இரும்பையும் தொடாதீங்க."

ரகுபதி உட்கார்ந்தார். கொக்கியை மேலே ஏற்றி, கிரேனின் கையைப் பிடித்து வைத்திருக்கும் பிரேக்கை விடுவித்து, மின்சாரத்தை அணைத்தார். பெரிய காற்றில் செய்ய வேண்டியது அதுதான். கையை இறுக்கிப் பிடித்து வைத்தால் காற்று கிரேனை வேரோடு சாய்க்கும். விட்டுவிட்டால் காற்று போகிற பக்கமே திரும்பிக்கொண்டு கிரேன் நிற்கும். பயிற்சியில் படித்தது. வேலை முடிந்து இறங்கும்போது தினமும் செய்வதும்கூட. ஆனால் உள்ளே தான் உட்கார்ந்திருக்கும்போது அது நடந்ததே இல்லை.

முதல் காற்று அறைந்தபோது கண்ணாடி உறுமியது. அறுபது மீட்டர் நீளக் கை, எந்தக் கையும் தொடாமல், ஒரு பெரிய மிருகம் தூக்கத்தில் புரள்வதுபோல் நகர ஆரம்பித்தது. அதோடு அறையும் நாற்காலியும் ரகுபதியும் சுற்றினார்கள். கிளமெண்டி நகர்ந்தது. சாலை நகர்ந்தது. பிறகு மழை வந்து எல்லாவற்றையும் வெள்ளையாக்கியது. வெள்ளைக்குள் வெள்ளை. தான் சுற்றுகிறோமா நிற்கிறோமா என்றுகூடத் தெரியவில்லை. வயிறு மட்டும் சொன்னது.

"இப்ப எந்தப் பக்கம் பாத்து நிக்குற?" என்றார் முத்தையா.

"தெரியலண்ணே. எல்லாம் வெள்ளையா இருக்கு."

"எனக்கும் உன்னத் தெரியல. கிரேன் இருந்த எடத்துல மேகந்தான் இருக்கு. பேசிக்கிட்டே இரு."

"என்ன பேச?"

"ஏதாச்சும். ஆரஞ்சு யாரு வச்சதுன்னு நர்ஸக் கேட்டேன். ஒல்லியா ஒருத்தர், வாயே தொறக்கலன்னுச்சு. வேற யாரா இருக்கும்?"

ரகுபதி சிரிக்கப் பார்த்தார். மின்னல் வெகு அருகில் வெட்டியது. இடி வெளியிலிருந்து வராமல் நாற்காலிக்கு அடியிலிருந்து வந்ததுபோல் இருந்தது. அது அடங்கியதும், பதினேழு நாள் அவருக்குள் கிடந்தது தானாக வெளியே வந்தது.

"அண்ணே, அன்னிக்கு ஒண்ணுதான் ஒண்ணுதான்னு சொன்னது நான். ஒங்கள நிக்க வச்சது நான்தான்."

"சரி ஏத்துன்னு சொன்னது யாரு?" என்றார் முத்தையா. "எனக்கு வாய் இல்லையா? காலையிலேர்ந்தே தல சுத்துச்சு. சொன்னா ஒக்கார வச்சிருவாங்கன்னு நான்தான் சொல்லல. அத நீ கணக்குல எடுத்துக்காம நீயே மொத்தமா தூக்கிக்கிட்டுத் திரியற."

ரகுபதி வாக்கிடாக்கியைக் காதோடு ஒட்டிப் பிடித்தார்.

"இன்னொண்ணு சொல்றேன். டாக்டர்கிட்டகூடச் சொல்லல. அன்னிக்கு நெசமாவே எனக்கு மழ பெஞ்சுது, ரகு. சட்டையெல்லாம் நனஞ்சு, காலுக்குக் கீழ தண்ணி ஓடுச்சு. அவ்வளவு குளுமையா எங்கயும் நின்னதில்ல. எழுப்பறாங்களேன்னுதான் கோவமா வந்துச்சு. இப்ப கொட்டகைக்கு வெளிய பெய்யறது அதே மழதான். நான் முன்னாடியே பாத்தாச்சு."

அவர் அடுத்து என்ன சொன்னார் என்பது ரகுபதிக்குத் தெரியாது. உலகமே ஒரு வெள்ளைத் தாளாகிப் போனது. சத்தம்கூட அதற்கு அப்புறம்தான் வந்தது, அல்லது வரவே இல்லை. கிரேனின் உச்சியில் மின்னல் இறங்கி, இரும்பு வழியாகவே மண்ணுக்குள் போய்விட்டிருந்தது. அறைக்குள் எதுவும் எரியவில்லை. தீக்குச்சி அணைந்ததுபோல் ஒரு வாசனை. தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருந்தன. வாக்கிடாக்கியை அழுத்தினார். அதில் இரைச்சல்கூட இல்லை. கைபேசியை மேலே கொண்டுவரக் கூடாது என்பது விதி. அது கீழே பெட்டியில் இருந்தது.

அடுத்த கால்மணி நேரத்தைப் பற்றி ரகுபதி பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறார். பயமாக இல்லையா என்று எல்லோரும் கேட்பார்கள். பயம் முதல் இரண்டு நிமிடம் இருந்தது என்பார். பிறகு, பிடிப்பதற்கு எதுவும் இல்லை என்பது உடம்புக்குப் புரிந்துவிட்டது. பதின்மூன்று வருடமாகப் பிடித்துப் பிடித்தே பழகிய கைகள் மடியில் கிடந்தன. கிரேன் காற்று சொன்ன பக்கமெல்லாம் மெல்ல மெல்லத் திரும்பியது. மழை கண்ணாடியில் கீழிருந்து மேலே ஓடியது. ஒருமுறை வெள்ளை கிழிந்து, ஒரு துண்டு நகரம் தெரிந்தது: ஒரு மாடிப் பால்கனியில் மூங்கில் கழிகளில் தொங்கும் துணிகளை அவசரமாக இழுக்கும் ஒரு பெண். சிவப்புச் சட்டை ஒன்று அவள் கையிலிருந்து நழுவிக் காற்றில் ஏறியது. அவள் அதை எட்டிப் பிடிக்கவில்லை. அது போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் வெள்ளை மறுபடி மூடிக்கொண்டது. அந்தச் சட்டை எங்கே போயிருக்கும் என்று ரகுபதி வெகுநேரம் யோசித்தார். தூங்கினாரா, விழித்திருந்தாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

மழை கொஞ்சம் மெலிந்தபோது கீழே ஏதோ மினுங்கியது. நுழைவாயில் பக்கம், கொட்டகையின் ஜன்னல். ஒரு டார்ச் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. மூன்று முறை, இடைவெளி, மறுபடி மூன்று முறை. எவ்வளவு நேரமாக அப்படிக் காட்டிக்கொண்டிருந்தார்களோ. ரகுபதி இருக்கைக்கு அடியில் இருந்த அவசர டார்ச்சைத் தேடி எடுத்தார். கண்ணாடியோடு ஒட்டிவைத்து மூன்று முறை அணைத்து ஏற்றினார். கீழே விளக்கு நின்றது. பிறகு கண்டபடி, கட்டுப்பாடே இல்லாமல், ஒரு பைத்தியம்போல் ஆடியது.

ஐந்து மணிக்கு எச்சரிக்கையை எடுத்தார்கள். ரகுபதி ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினார். இரும்பு குளிர்ந்திருந்தது. கீழே கொட்டகை வாசலில் ஷபானா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். தலைத்துணி முழுக்க நனைந்திருந்தது. "சீக்கிரம் ஒக்காருங்க அண்ணா. மெடிக்கல் செக்கப் போகணும், வேன் வருது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதை இருவருமே பார்க்காததுபோல் இருந்தார்கள்.

முத்தையா ஒரு துண்டை நீட்டினார். நான்கு வருடம் காதுக்குள்ளேயே இருந்தவர் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் நின்றார். டார்ச்சை அழுத்தி அழுத்தி அவர் கட்டைவிரல் சிவந்திருந்தது.

"தல துவட்டு. டீ ஆறிப்போச்சு, பரவாயில்ல குடி."

ரகுபதி குடித்தார். அன்று மாலை மோகனப்பிரியா கேட்டபோது, ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்.

அதற்குப் பிறகு மழை நிற்கவில்லை. சித்திரை முழுக்க மதியம் மூன்று மணிக்கு வானம் இருண்டது, சைரன் அலறியது, ஆட்கள் கூரைக்கு ஓடினார்கள். சாக்கு நிறத்தில் கிடந்த புல் ஒரே வாரத்தில் எழுந்து நின்றது. முத்தையா திரும்ப வெயிலில் நின்று சிக்னல் கொடுக்கவே இல்லை. கம்பெனி அவரைச் சாமான் கிடங்குக்கு மாற்றியது. அவருக்கும் அது பிடித்துப்போனது. ரகுபதி அதே கிரேனை ஓட்டினார். இடைவேளைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே கொக்கியைக் காலி செய்துவிடுவார். யாராவது இன்னொன்று என்றால், "அப்புறம்" என்பார்.

ஆனால் அந்த முதல் மழைக்குப் பின் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். இருவரும் லிட்டில் இந்தியாவுக்குப் போகலாம் என்று விடுதியிலிருந்து கிளம்பினார்கள். ஒன்றாக வெளியே போவது அதுதான் முதல் தடவை. கிராஞ்சியில் பஸ் அரிதாகத்தான் வரும். நடந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வந்தபோது ரகுபதி நின்றுவிட்டார். எங்கிருந்தோ ஒரு வாசனை வந்தது. மல்லிகை இல்லை, ஆனால் அந்த வகை. சாலையோரத்துப் பெரிய மரங்களை அண்ணாந்து பார்த்தார். கிளைகளின் முதுகிலெல்லாம், பாசியும் பெரணியும் அடர்ந்த இடங்களில், சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள் ஆயிரக்கணக்கில் மலர்ந்திருந்தன. முந்தின நாள் ஒன்றுகூட இல்லை.

நிறுத்தத்தில் பக்கத்துச் செடிப் பண்ணையில் வேலை செய்யும் மர்யம் என்ற அம்மா உட்கார்ந்திருந்தார். இவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"புறா ஆர்க்கிட் அது. கிட்டப் பாருங்க, புறா பறக்கற மாதிரியே இருக்கும்."

"நேத்து இல்லையேம்மா?" என்றார் முத்தையா.

"நேத்து எப்படி இருக்கும்? பெரிய மழை பெஞ்சு, சூடு திடீர்னு குறைஞ்சா அதுக்குத் தெரிஞ்சிடும். அன்னியிலேர்ந்து ஒம்பதாம் நாள் பூக்கும். இங்க மட்டும் இல்ல, ஊர்ல இருக்கறது எல்லாம் ஒரே நாள்ல பூத்திடும். சாயங்காலம் வாடிடும் லா."

ரகுபதி விரல் விட்டு எண்ணினார். மழை வந்த வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டுச் சனியிலிருந்து தொடங்கி, இரண்டாவது கையின் நான்காம் விரலில் வந்து நின்றார்: ஒன்பது. முத்தையா அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தூரத்தில் பஸ் திரும்பி வந்தது. மர்யம் எழுந்து கைகாட்டி நிறுத்தினார். கதவு திறந்தது. ஏறிக்கொண்டே திரும்பிப் பார்த்து, "வரலையா? அடுத்தது இப்ப வராது" என்றார்.

"நீங்க போங்கம்மா" என்றார் ரகுபதி. "நாங்க கொஞ்சம் நின்னுட்டு வர்றோம்."